9 மில்லிமீட்டர் வாசல்

மின்னணுச் சாமான்களைப் பழுதுபார்க்கும் தொழிலில், ஈயம் வைக்கிற கைக்கு இருக்கும் மதிப்பு அரம் பிடிக்கிற கைக்கு இருப்பதில்லை. புகை எழும்பச் சால்டரிங் அயர்னைப் பிடித்து, கண்ணுக்கு அகப்படாத ஒரு காலைப் போர்டில் ஒட்டுகிறவனை வாடிக்கையாளர் மரியாதையோடு பார்க்கிறார். அதே மனிதன் விளையாட்டுக் கன்ட்ரோலரின் பிளாஸ்டிக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அரத்தால் ராவிக்கொண்டிருந்தால், இதற்கா இவ்வளவு அவகாசம் என்ற கேள்வி அவர் முகத்தில் எழுந்துவிடுகிறது. கூட்டில் போடுகிற துளை, முக்கியமான வேலையெல்லாம் முடிந்த பிறகு செய்யவேண்டிய ஒரு சில்லறைக் காரியம் என்றே தொழிலில் உள்ளவர்களிலும் பலர் எண்ணுகிறார்கள். இந்த அபிப்பிராயத்துக்கு நான் இணங்கியதே இல்லை. ஒரு கனெக்டர் எத்தனை காலம் உழைக்கும் என்பதை அதன் கால்களில் வைத்த ஈயம் பாதி தீர்மானிக்கிறதென்றால், அதைச் சூழ்ந்திருக்கும் துளை மற்றப் பாதியைத் தீர்மானிக்கிறது. கண்ணுக்கு நேர்த்தியாக இருப்பதும் காரியத்துக்கு உறுதியாக இருப்பதும் இந்த வேலையில் வெவ்வேறானவை அல்ல.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் வால்வு ரேடியோக் காலத்து மனிதர். சென்னையில் மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருவில், ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் நிற்கவேண்டிய அளவிலான கடையில், அலுமினியச் சட்டத்தில் வால்வு சாக்கெட்டுக்கு வட்டத் துளை போடுவதிலிருந்துதான் என் பயிற்சி தொடங்கியது. அந்தக் காலத்து ரேடியோக் கூடுகள் பல, 1907-ஆம் ஆண்டில் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்த பேக்கலைட் என்னும் பொருளால் ஆனவை. பேக்கலைட் ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு எந்த வெப்பத்துக்கும் இளகாது; கார்பாலிக் நெடி வீசத் தூளாக உதிரும்; சற்று அவசரப்பட்டாலும் ஓரத்தில் சில்லு பெயர்ந்துவிடும். அந்தப் பொருளோடு பழகியவர்களுக்கு நிதானம் சுபாவமாகவே படிந்துவிட்டது. முதலில் அளவு, பிறகு கோடு, அதற்குப் பிறகுதான் ஆயுதம் என்பது என் ஆசான் வைத்திருந்த கிரமம். ரேடியோக்கள் போய், டேப் ரிக்கார்டர்கள் போய், இன்று என் மேஜைக்கு வருகிறவற்றில் பெரும்பகுதி விளையாட்டுக் கன்ட்ரோலர்களாக ஆகிவிட்ட போதிலும், அந்தக் கிரமத்தை மாற்றவேண்டிய அவசியம் எனக்கு நேரவில்லை.

மாறியது பொருளின் குணம்தான். இன்றைய கன்ட்ரோலர்களின் கூடு பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக். அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்ற மூன்றும் சேர்ந்த அந்தக் கலவையில், பியூட்டாடையீன் என்னும் ரப்பர் அம்சம் இருப்பதால்தான் குழந்தைகள் தரையில் எறிந்தாலும் கூடு உடையாமல் தாங்குகிறது. ஆனால் சுமார் 105 பாகை செல்சியஸ் வெப்பத்தை நெருங்கியதும் அது இளகத் தொடங்கிவிடும். வேகமாகச் சுழலும் எந்தக் கருவியும் பட்ட இடத்தில் அந்த வெப்பத்தைக் கணநேரத்தில் உண்டாக்கிவிடுகிறது. பேக்கலைட்டுக்கு அவசரத்தினால் நேர்ந்த அபாயம் உடைவது, ஏ.பி.எஸ்ஸுக்கு நேர்வது உருகுவது. உருகிய பிளாஸ்டிக் மறுபடி இறுகும்போது துளையின் ஓரத்தில் கட்டியாகத் திரண்டு நிற்கும், அதைச் செதுக்கப் புகுந்தால் நல்ல பாகமும் கூடவே பெயரும்.

மேஜைக்கு மிகுதியாக வரும் ஒரு சாமானையே எடுத்துக்கொள்கிறேன். 2013-ல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4 கன்ட்ரோலருக்கு, அக்காலத்து வழக்கப்படி மைக்ரோ யூ.எஸ்.பி. வாயே வைக்கப்பட்டது. யூ.எஸ்.பி. டைப்-சி-யின் இலக்கணம் வெளியானதே 2014 ஆகஸ்டில்தான்; அடுத்த தலைமுறையான டூயல்சென்ஸ் 2020-ல் வந்தபோது டைப்-சி-யோடு வந்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைபேசி முதலான சாதனங்களுக்கு இந்தப் பொது வாயைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. வீட்டில் உள்ள சார்ஜர் ஒயர்கள் எல்லாம் டைப்-சி ஆகிவிட்ட பிறகு, ஒரு கன்ட்ரோலருக்காக மட்டும் பழைய ஒயரைத் தேடி அலைய யாருக்கும் மனம் வருவதில்லை. அதோடு, விளையாடிக்கொண்டே சார்ஜ் போடுகிற பழக்கத்தில் ஒயர் இழுபட்டு இழுபட்டுச் சாக்கெட் தளர்ந்து வருகிறவையும் உண்டு. இந்தக் கன்ட்ரோலரை வடிவமைத்தவர்கள் சாக்கெட்டைப் பிரதான போர்டில் வைக்காமல், முன்புறத்து விளக்கோடு சேர்த்துத் தனிச் சிறு போர்டில் வைத்து, ஒரு ரிப்பன் கேபிளால் இணைத்திருக்கிறார்கள். பழுதுபார்க்கிறவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. அந்தச் சிறு போர்டுக்குப் பதிலாக டைப்-சி வாயுள்ள போர்டு தெருவிலேயே கிடைக்கிறது. ரிப்பன் 12 கால்களா 14 கால்களா என்று மட்டும் பார்த்து வாங்கவேண்டும். போர்டு மாற்றச் சில நிமிஷம் போதும். பழைய வாய் புதிய சாக்கெட்டுக்குச் சின்னது என்பதால், மிச்ச நேரம் முழுவதும் கூட்டுக்கே சொந்தமாகிறது.

டைப்-சி சாக்கெட்டின் உலோக உறை ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலமும் 3.2 மில்லிமீட்டர் உயரமும் உடையது; இரு பக்கமும் அரைவட்டமாக முடிவது. அதனுள் நுழையும் பிளக்கின் உலோக நாக்கு 6.65 மில்லிமீட்டர் நீளம். இந்த நீளத்தை மனத்தில் வைத்துக்கொள்ளாதவன் துளை போடக் கூடாது என்றே சொல்வேன். கூட்டின் சுவர் 2 மில்லிமீட்டர் தடிப்பு என்று வைத்துக்கொண்டால், சாக்கெட்டைச் சுவருக்குப் பின்னால் நிறுத்தி, நாக்கு மட்டும் நுழையும்படி ஒரு சின்னத் துளையைப் போட்டுவிட்டால், பார்வைக்கு அது மிக அழகாகத்தான் இருக்கும். ஆனால் பிளக்கின் பிளாஸ்டிக் தலை சுவரில் முட்டி நின்றுவிட, நாக்கில் 2 மில்லிமீட்டர் வெளியிலேயே தங்கிவிடும். சார்ஜ் சில சமயம் ஏறும், சில சமயம் ஏறாது. குற்றம் ஒயரின் மேல் விழும். இதற்குப் பரிகாரம் இரண்டே. சாக்கெட்டின் உறையே சுவரின் வெளிமுகம் வரை வந்து நிற்கும்படி துளையை 9.3 மில்லிமீட்டர் அகலம், 3.6 மில்லிமீட்டர் உயரம் என்ற கணக்கில் அமைப்பது ஒன்று. பிளக்கின் தலையே உள்ளே இறங்கும்படி பெரிய துளையாக அமைப்பது மற்றொன்று. இரண்டாவது வழியில், தலையின் உச்ச அளவாக இலக்கணம் அனுமதிக்கும் 12.35 க்கு 6.5 மில்லிமீட்டருக்கு இடம் விடவேண்டும். சாக்கெட்டைச் சுவருக்கு அருகில் கொண்டுவர முடியாதபோது அதுவே கதி. முடிகிறபோதெல்லாம் நான் முதல் வழியையே மேற்கொள்கிறேன். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஏற்கெனவே வாய் உள்ள கூட்டில் அதைப் பெரிதாக்குவது புதிதாகத் துளை போடுவதைவிட எளிது என்று தோன்றும். உண்மையில் அதில்தான் சூட்சுமம் அதிகம். நான்கு பக்கமும் சமமாக ராவிவிடுவதே பலரும் செய்வது, அது பிசகு. போர்டின்மேல் ஒட்டப்படும் சாதாரணச் சாக்கெட்டின் அடிப்புறம் போர்டைத் தொட்டுக்கொண்டிருப்பதால், புதிய சாக்கெட் உயரமானதாக இருக்கும்போது அந்த உயரம் முழுவதும் போர்டுக்கு எதிர்ப்புறமாகவே வளருகிறது. ஆகவே போர்டை ஒட்டிய விளிம்பைக் கூடியவரை தொடாமல் விட்டு, எதிர் விளிம்பை மட்டும் உயர்த்தவேண்டும். அகலத்தில்தான் இடமும் வலமும் சமமாகப் பங்கிடவேண்டும். நான்கு பக்கமும் ராவிய துளையில் சாக்கெட் ஒருபுறம் ஒட்டியும் மறுபுறம் பிறைநிலா வடிவில் இடைவெளி விட்டும் நிற்பதைக் காணலாம். அந்த இடைவெளி வழியே விளக்கின் ஒளி கசியும், தூசியும் புகும்.

வாயே இல்லாத கூடுகளும் வருகின்றன. கேபிள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட ஒயர் கன்ட்ரோலர்களில், கேபிள் கூட்டை விட்டு வெளிவருகிற இடத்தில் மடிந்து மடிந்து உள்ளே செம்பு அறுந்துபோகும். அவற்றுக்குக் கேபிளைக் கழற்றி மாட்டும்படி ஒரு சாக்கெட் வைத்துக்கொடுப்பது நல்ல வேலை. அங்கே முதற் பிரச்சினை, துளை எங்கே வரவேண்டும் என்பது. வெளியிலிருந்து அளந்து கோடு போடுவதை நான் நம்புவதில்லை. உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி வார்க்கப்படும் கூடுகளின் சுவர், அச்சிலிருந்து கழன்று வருவதற்காகச் சற்றே சாய்வாக அமைக்கப்படுவது. வெளிமுகத்தில் எடுத்த அளவு உள்முகத்தில் பொய்த்துவிடும். போர்டை அதன் ஸ்தானத்தில் உட்காரவைத்து, சாக்கெட்டின் வாய் விளிம்பில் ரப்பர் ஸ்டாம்பு மையைத் தடவி, சுவரை நோக்கி நகர்த்தி ஒருமுறை தொடவைத்தால், வரவேண்டிய இடத்தைச் சாக்கெட்டே உள்முகத்தில் எழுதிக் காட்டிவிடுகிறது. அந்த நீள்வட்டத் தடத்தின் நடுவில், கையால் திருகும் சிறு டிரில்லைக் கொண்டு 1 மில்லிமீட்டர் துளை ஒன்றை உள்ளிருந்து வெளியே போட்டுவிட்டால், அதுதான் வெளிமுகத்து அளவுகளுக்கெல்லாம் ஆதாரம்.

வெளிமுகத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அந்த ஆதாரப் புள்ளியிலிருந்து வெர்னியர் காலிப்பரால் இரு பக்கமும் 2.85 மில்லிமீட்டர் அளந்து கீறுகிறேன். இரண்டு மையங்களுக்கும் இடையே 5.7 மில்லிமீட்டர் ஆகிறது. 9.3 அகலத்திலிருந்து 3.6 உயரத்தைக் கழித்தால் கிடைப்பது இது. அந்த இரண்டு மையங்களில் 3.6 மில்லிமீட்டர் வட்டங்களை நிறுத்தி, மேலும் கீழும் நேர்கோட்டால் இணைத்தால் சாக்கெட்டின் உருவம் வந்துவிடும். ஆனால் டிரில்லால் முழு அளவுக்குப் போய்விடக் கூடாது. 3 மில்லிமீட்டர் பிட்டோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை அரத்துக்கு விடவேண்டும். மெல்லிய பிளாஸ்டிக்கில் பிட் மறுபுறம் வெளிப்படும் தருணத்தில் திருகு போலக் கடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும்; அப்போதுதான் கூடு கீறுவதும் ஓரம் பிளப்பதும். இதைத் தடுக்க என் ஆசான் கற்றுக்கொடுத்த யுக்தி, பிட்டின் வெட்டும் ஓரத்தைச் சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துக் கூர்மையைச் சற்றே மழுக்கிவிடுவது. பித்தளைக்காக அவர் வைத்திருந்த அந்தப் பிட், கடிக்காமல் சுரண்டுகிறது. பிளாஸ்டிக்குக்கும் அதுவே ஏற்றது. உள்ளே ஒரு தேக்குக் கட்டையைத் தாங்கலாகக் கொடுத்து, மெதுவாகச் சுற்றினால், துருவல் நூலாக வெளிவரும். நூல் வந்தால் வேகம் சரி. பாகு போல ஒட்டிக்கொண்டால் வேகம் அதிகம் என்று பொருள்.

அதற்கு மேல் அரத்தின் காரியம். பொற்கொல்லர்கள் பயன்படுத்தும் ஊசி அரங்களையே நான் பயன்படுத்துகிறேன். ஓரங்களில் பல் இல்லாமல் வழவழப்பாக இருக்கும் தட்டை அரம் ஒன்று அதில் அவசியம். மேல் விளிம்பை ராவும்போது பக்கத்து வளைவைக் கடித்துவிடாமல் அது காப்பாற்றும். அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும். பின்னே இழுக்கும்போது அழுத்தினால் வெட்டுவதில்லை, பிளாஸ்டிக்கைத் தேய்த்துப் பளபளப்பாக்கி ஓரத்தை உருட்டிவிடுகிறது. ஆகையால் தள்ளி, தூக்கி, மறுபடி தள்ளவேண்டும். ஏ.பி.எஸ். தூள் பற்களில் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்துக்கொள்வது நல்லது. சிலதரம் ராவியதும் கூட்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, சாக்கெட்டை உள்ளிருந்து வாயில் வைத்துப் பார்க்கவேண்டும். இருட்டாக இருக்கும் இடம் தட்டுகிற இடம். ஒளி தெரியும் இடம் இனித் தொடக்கூடாத இடம். காலிப்பர் சொல்வதைக் காட்டிலும் இந்த ஒளிக்கோடு நுட்பமாகச் சொல்கிறது. கோடு சுற்றிலும் ஒரே மெல்லிசாக வந்துவிட்டால் அரத்தை வைத்துவிடலாம். பிறகு 400, அதன்பின் 800 எண் உப்புத்தாளை ஒரு மெல்லிய பட்டையில் சுற்றி, உள்விளிம்பை ஒருமுறை துடைப்பது போலத் தேய்த்து, வெளிவிளிம்பில் இம்மியளவு சரிவு கொடுத்தால், பிளக் இருட்டில் கூடத் தடவி நுழையும்.

என்னிடம் வேலை பழகும் பையன் ஒருமுறை கேட்டான்: "அண்ணே, மினி கிரைண்டர் போட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடுமே?"

"முடியும் தம்பி, தாராளமா முடியும். ஆனா அது எங்கே நின்னுச்சுன்னு உனக்குத் தெரியுமா? அரம் நின்ன இடம் உன் விரலுக்குத் தெரியும். அதுக்குத்தான் சொல்றேன்."

கிரைண்டரின் மேல் எனக்கு விரோதம் இல்லை. பெரிய துளைக்கு நடுப்பகுதியை அப்புறப்படுத்த, குறைந்த வேகத்தில் அதைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். கோட்டுக்கு 1 மில்லிமீட்டர் உள்ளேயே நிறுத்திக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். சால்டரிங் அயர்னின் சூட்டு முனையால் கூட்டை உருக்கித் துளைக்கிற வழக்கத்தை மட்டும் என் கடைக்குள் நான் அனுமதிப்பதில்லை. அதனால் எழும் புகை நெஞ்சுக்குக் கெடுதல். துளையைச் சுற்றிலும் சுவர் தடித்தும் மெலிந்தும் பலமிழக்கிறது.

சாக்கெட்டின் உறையைச் சுவரின் வெளிமுகம் வரை கொண்டுவரும் அந்த முதல் வழியை ஏன் விரும்புகிறேன் என்பதை இப்போது சொல்லலாம். மைக்ரோ யூ.எஸ்.பி., டைப்-சி இரண்டுமே 10,000 முறை மாட்டிக் கழற்றத் தாங்கும்படி வகுக்கப்பட்டவை. நேராகச் செருகி நேராக உருவினால் அந்தக் கணக்கு பொய்க்காது. ஆனால் கையில் இருக்கும் கன்ட்ரோலரிலிருந்து ஒயர் தொங்குகிறது. ஆட்டத்தின் வேகத்தில் இழுபடுகிறது. பிளக் ஒரு நெம்புகோலாகி, சாக்கெட்டை மேலும் கீழுமாகப் புரட்டப் பார்க்கிறது. சாக்கெட்டைச் சுற்றித் தாராளமான இடைவெளி இருந்தால், அந்தப் புரட்டலின் பலம் முழுவதும் போர்டில் ஒட்டியிருக்கும் நான்கு உலோகக் கால்களிலும், அவற்றின் அடியில் காகிதம் போல் ஒட்டியிருக்கும் செம்புத் தகட்டிலும் இறங்குகிறது. செம்பு ஒருநாள் போர்டை விட்டுப் பெயர்கிறது. சாக்கெட்டின் உறை துளைக்குள் ஒரு நூலிழை இடைவெளியோடு நின்றால், அது சற்று அசைந்தவுடனே சுவரில் சாய்ந்துகொள்கிறது. நிலைக்கால் கதவின் பாரத்தைச் சுவருக்குக் கொடுப்பது போல, ஒயரின் இழுப்பைக் கூடு வாங்கிக்கொள்கிறது. ஈயத்துக்கு மின்சாரத்தைக் கடத்தும் வேலை மட்டும் மிஞ்சுகிறது. அதே சமயம் துளை சாக்கெட்டை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. ஸ்க்ரூக்களை முடுக்கும்போதே சாக்கெட் ஒருபுறம் வளைந்து நின்றால், பிளக் செருகுவதற்கு முன்பே ஈயத்தின் மேல் பாரம் ஏறிவிடும். பக்கத்துக்கு 0.2 மில்லிமீட்டர் அவகாசம் என்பது இந்த இரண்டு தோஷங்களுக்கும் நடுவே உள்ள இடம்.

போர்டை வாங்கும்போது கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் துளையோடு சம்பந்தப்படாதது என்றாலும், துளையின் மேல் வீண்பழி வராமல் இருப்பதற்காகச் சொல்கிறேன். டைப்-சி சாக்கெட்டில் சிசி1, சிசி2 என்ற இரண்டு கால்களுக்கும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்து பூமிக்கு இணைந்திருக்கவேண்டும். மலிவான சில போர்டுகளில் இவற்றை விட்டுவிடுகிறார்கள். பழைய அகன்ற தலையுள்ள சார்ஜர் ஒயரில் அது சார்ஜ் ஆகிவிடும். இரு தலையும் டைப்-சி ஆன ஒயரில் ஆகாது. ரெசிஸ்டர்கள் இல்லாவிட்டால் எதிர்முனையில் உள்ள சார்ஜருக்கு இங்கே ஒரு சாதனம் இருப்பதே தெரிவதில்லை என்பதுதான் காரணம். போர்டைக் கூட்டில் வைப்பதற்கு முன்பே இரண்டு விதமான ஒயராலும் சோதித்துவிட்டால், பிறகு சந்தேகப்பட்டுத் துளையை மேலும் ராவும் விபரீதம் நேராது.

ராவும் வேலையெல்லாம் வெறுங்கூட்டில்தான் நடக்கவேண்டும். பேட்டரி, போர்டு, பட்டன்கள், எல் 2, ஆர் 2 விசைகளின் சின்ன ஸ்பிரிங்குகள் யாவும் முதலிலேயே வெளியே எடுத்துத் தட்டில் வைக்கப்பட வேண்டியவை. கட்டைவிரல் குச்சிகளின் அடியில் இருப்பவை பொட்டன்ஷியோமீட்டர்கள். அவற்றுக்குள் ஒரு பிளாஸ்டிக் தூள் புகுந்தாலும், குச்சியைத் தொடாமலே திரையில் ஆள் நகரத் தொடங்குவார். துளை முடிந்ததும் கூட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போக உலரவைத்த பிறகே மற்றவை உள்ளே போகலாம். ராவிய தூளை நான் எறிந்துவிடுவதில்லை. கறுப்பு, வெள்ளை, நீலம் என்று நிறவாரியாகச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் சேர்த்து வைக்கிறேன். வேறெங்கோ தாறுமாறாகப் பெருக்கிய துளையோடு ஒரு கூடு வரும்போது, அதே நிறத்துத் தூளில் சில துளி அசிட்டோன் விட்டால் களிம்பாகக் குழையும். அதை மெல்ல மெல்ல அப்பி, ஒரு முழு நாள் இறுகவிட்டால், கூட்டோடு கூடாகவே ஒன்றிப்போய், மறுபடி ராவுவதற்குச் சுவர் கிடைத்துவிடும். தெரு முழுவதும் காற்றோட்டம் குறைவு என்பதால் அந்தக் களிம்பு வேலையை மட்டும் மொட்டை மாடியில் செய்கிறேன்.

கடைசியாகக் கூட்டை மூடும்போது, பின்புறத்து நான்கு ஸ்க்ரூக்களையும் முதலில் பாதி மட்டும் இறக்குகிறேன். பிறகு ஒரு நல்ல ஒயரைச் சாக்கெட்டில் முழுவதுமாகச் செருகி, அது செருகியபடியே இருக்க, ஸ்க்ரூக்களைக் குறுக்காக ஒவ்வொன்றாய் முடுக்குகிறேன். அப்படிச் செய்தால் சிறு போர்டு தன்னை நகர்த்திக்கொண்டு பிளக் கேட்கும் நேர்கோட்டில் உட்கார்ந்துவிடும். முன்னதாகவே முடுக்கிவிட்டால் அதற்கு நகர வழியிராது.